சிவப்புப் புள்ளி வைத்த கார்

என் அக்காவின் கணவரை எல்லோரும் டார்ச் என்றுதான் சொல்வார்கள். பட்டப்பகலிலும் அவர் சட்டைப் பையில் பேனா அளவில் ஒரு டார்ச் லைட் இருக்கும். இருபத்தாறு வருடமாக ஒரு தொழிற்சாலையின் கேட்டில் வேலை. வெளியே போகும் லாரிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். தொழிலாளிகளின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்ப்பார். ஒருமுறை முதலாளியின் காரையே நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னதாகவும், அதற்காக முதலாளி கை கொடுத்துப் பாராட்டியதாகவும் சொல்வார். நான் நம்பவில்லை. அவரோடு பழகிப் பழகி எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

கேட்டு வேலையைக் கேட்டோடு விட்டுவிட்டு வரும் ஆளும் இல்லை அவர். வீட்டிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் அதன் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத்தான் அனுப்புவார். மிக்ஸி ரிப்பேருக்குப் போனால் மோட்டாரில் புள்ளி. சலவைக்குப் போகிற சால்வையில் புள்ளி. அவருடைய பழைய காரிலோ பேட்டரி, ஸ்டெப்னி, வைப்பர், ரேடியேட்டர் மூடி எல்லாவற்றிலும் புள்ளி. அம்மை போட்ட வண்டி என்று நான் கேலி செய்வேன். அந்த நகப்பூச்சு அக்காவுடையது. அதை அவள் தன் நகத்தில் பூசி நான் பார்த்ததில்லை.

உலகத்திலேயே அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அக்காதான். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு இரண்டு வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு அத்தான் அவளை ஆஸ்பத்திரியில் விட்டு, காரை அங்கேயே நிறுத்திவிட்டு, எதிரே இருக்கும் தொழிற்சாலைக்கு நடந்து போவார். நான் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவன். பதினோரு மணிக்கு என் வேலை முடிந்ததும் கேட்டில் சாவியை வாங்கிக்கொண்டு அக்காவை வீட்டுக்குக் கூட்டிப் போவேன். மறுநாள் அத்தான், "நேத்து ஒரு கிலோமீட்டர் கூட ஓடியிருக்கே, மாப்ள" என்பார். எந்தத் தெருவை அடைத்திருந்தார்கள், எப்படிச் சுற்றி வந்தேன் என்று நான் ஒப்பிக்க வேண்டும்.

இந்தப் பனிக்காலம் தொடங்கியபோது காரின் ஹீட்டர் கைவிட்டது. விசிறி சுற்றியது, காற்றும் வந்தது, ஆனால் சில்லென்று வந்தது. டயாலிசிஸில் ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய் இயந்திரத்தில் சுற்றித் திரும்பி வருகிறது. முடிந்து எழுந்தால் எலும்புவரை குளிரும். காரில் அக்காவுக்குப் பல் தந்தியடிக்கும். ஆனால் சாயங்காலம் அத்தான் கேட்டால், "எனக்கு ஒண்ணும் குளிரல. நீங்க வேலையப் பாருங்க" என்பாள்.

"குளிரலையாம். அப்புறம் எதுக்கு வண்டிய மெக்கானிக் கையில கொடுக்கணும்? ஹீட்டர்னு சொல்லித் திறப்பான், இன்ஜின்ல பாதி காணாமப் போயிடும்" என்பார் அத்தான்.

அவள் பொய்க்குக் காரணம் இருந்தது. இதற்கு முன் ரேடியேட்டர் ஒழுகியபோது அத்தான் ஒர்க்‌ஷாப்பில் நாள் முழுக்க டார்ச்சோடு நின்று, மெக்கானிக்கோடு கைகலந்து, கிழிந்த சட்டையோடு வீட்டுக்கு வந்தார். பிரஷர் ஏறி இரண்டு நாள் படுக்கை.

"மறுபடி போய் நின்னா யாராவது அடிச்சிருவாங்கடா. ரெண்டு மாசக் குளிர்தானே, நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள் என்னிடம்.

சமாளிக்க ஒரு ஏற்பாடும் செய்துகொண்டாள். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை, நர்ஸ் நிரப்பிக் கொடுக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை, ஒரு சால்வை. எங்கள் தெருமுனை வந்ததும் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துத் தன் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவாள். காரில் அத்தான் டார்ச் அடித்துப் பார்க்காத இடம் அது ஒன்றுதான், அது அக்காவின் இடம் என்பதால். அந்தச் சால்வையைக் காணோம் என்று அவர் சலவைக் கடைக்காரரோடு ஒரு மாதமாகச் சண்டை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் வரும் வழியில் அக்கா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை இனி வேண்டாம்டா. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். இந்தக் குளிர்ல என்னால முடியல."

ஒரு நாள் விட்டாலும் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருக்கிறார். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கேட்டுக்குப் போனேன்.

"அத்தான், ஹீட்டரைச் சரி பண்ணியே ஆகணும்."

"ஏன் திடீர்னு?"

"குளிருது."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் டார்ச்சை எடுத்து என் முகத்தில் அடித்தார். "எந்த ஒர்க்‌ஷாப்? மெக்கானிக் உனக்குத் தெரிஞ்ச ஆளா? எத்தனை நாளாத் தெரியும்?"

அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஞாயிற்றுக்கிழமை, அதுவும் அவர் கண்முன்னால்.

மெக்கானிக் ஒரு பெண் என்பது அவருக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. "வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்றார்.

"அவர் சமைச்சுக்கிட்டிருக்கார். பானெட்டைத் திறங்க சார்."

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தார் அந்த அம்மாள். "நீங்களும் தொடுங்க. ஒண்ணு கொதிக்குது, இன்னொண்ணு பச்சத்தண்ணி. இன்ஜின்லேர்ந்து சுடுதண்ணி உள்ள போகுது, திரும்பி வரல. நடுவுல ஹீட்டர் அடைச்சிருக்கு."

அத்தான் தொட்டார். கையை முகர்ந்தார். நான் மூன்றாவதாகத் தொடவேண்டும் என்றார்.

குழாய்களைக் கழற்றி, எதிர்ப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினார் அந்த அம்மாள். பழுப்புச் சேறு கட்டிகட்டியாக வந்து விழுந்தது. ஒரு கட்டியை விரலால் நசுக்கினார். "இது துரு இல்ல. ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கிற மருந்து. யாரு ஊத்துனது?"

"நான்தான்" என்றார் அத்தான். "ரேடியேட்டரையே மாத்தணும்னு ஒருத்தன் ஏமாத்தப் பார்த்தான்."

"எத்தனை பாட்டில்?"

"மூணு."

"ஒண்ணுக்கு மேல ஊத்தாதீங்கன்னு பாட்டில்லயே போட்டிருப்பானே?"

"போட்டிருப்பான். உள்ள பாதிக்குப் பாதி தண்ணி கலந்திருப்பான்ல. அதான் மூணு."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஹீட்டர் உள்ளுக்குள்ள ஒழுகியிருந்தா மிதியடி ஈரமாயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே முன் கதவைத் திறந்து, அக்காவின் சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். தடுக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பை வெளியே வந்தது.

"யாரோ என் வண்டியில படுத்துத் தூங்குறான்" என்றார் அத்தான். காலுறைகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். வெந்நீர்ப் பையை முகர்ந்தார். சால்வையை உதறி அதன் ஓரத்தில் டார்ச் அடித்தார். சிவப்புப் புள்ளி இருந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை.

"இது என் புள்ளி" என்றார். பிறகு கேட்டில் நிற்கிறவரின் குரலில், "மாப்ள, சொல்லு" என்றார்.

சொன்னேன். தெருமுனை வரை சொன்னேன், வெள்ளிக்கிழமை வரை சொன்னேன்.

"நான் தினமும் கேட்டேனே. குளிரலன்னாளே."

"உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவா."

அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டு மாதம் உடந்தையாக இருந்த என்னை நினைத்து அதைவிட வெட்கமாக இருந்தது. அந்த அம்மாள் குழாய்களைத் திரும்ப மாட்டி, புதுத் தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, "இப்ப ரெண்டும் சுடுது, தொட்டுப் பாருங்க சார்" என்று கூப்பிட்டார். ஒரு மெக்கானிக் வேலை செய்ததை அத்தான் பார்க்காமல் இருந்தது அன்றைக்குத்தான். "சரிம்மா" என்றார், தொடவில்லை.

திரும்பும்போது சலவைக் கடை முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கினார். என்ன பேசினார் என்று காரிலிருந்து கேட்கவில்லை. கடைக்காரர் அவரை மேலும் கீழும் சந்தேகமாகப் பார்த்தது மட்டும் தெரிந்தது.

அடுத்த டயாலிசிஸ் அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு அத்தானே பதினோரு மணிக்கு வந்து நின்றார். நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஹீட்டர் வெதுவெதுவென்று ஊதியது.

"குளிருதா?"

"இல்லங்க. நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

கொஞ்ச தூரம் போனவர் காரை ஓரங்கட்டினார். குனிந்து அவள் செருப்பைக் கழற்றி, பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐஸா இருக்கு."

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும். கால விடுங்க, தம்பி இருக்கான்."

"இனிமே உன்ன நான் நம்பமாட்டேன்" என்றார். இரண்டு வருடமாக அத்தனை ஊசிக்கும் அழாத அக்கா அப்போது அழுதாள். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. பாதத்தில் சூடு ஏறும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வருவேல்ல?"

"வர்றேங்க."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "நெசமா சொல்றாளா, மாப்ள?"

"நெசந்தான் அத்தான்."

எங்கள் இருவரையுமே அவர் நம்பவில்லை. அன்று சாயங்காலம் சமையலறைக் காலண்டரைக் கழற்றி மேஜைமேல் விரித்து, வாரத்துக்கு மூன்று நாள் வீதம், டிசம்பர் முடிய, நகப்பூச்சால் புள்ளி வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டிரண்டாக வைத்தார்.