கேட்டுக்கு வெளியே ஒரு காட்சி

மண்ணரை பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் நாகஜோதி, பிழையுள்ள துணி எதையும் தெரிந்து பெட்டிக்குள் விட்டதில்லை. அதனால்தான் குன்னத்தூர் கல்யாண மண்டபத்தில் நடந்த குறும்பட விழாவில், தன் முறை வருவதற்கு முன்பே அவள் இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். அவளே போனில் எடுத்த படம். தாமதமாக வந்ததால் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண் அழும் காட்சியில், கழுத்தில் தொங்கிய ஐடி கார்டு அடுத்த ஷாட்டிலேயே காணாமல் போயிருந்தது. அன்று காலையில்தான் அந்தப் பிழை அவள் கண்ணில் பட்டது.

"தம்பி, என் படத்தப் போட வேணாம். டேமேஜ் பீசு" என்றாள், விழா நடத்தும் செல்வக்குமாரிடம்.

"சித்ரகலாக்கா மாமியாரையே கூட்டியாந்திருக்காங்க. படம் இல்லைன்னு அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க."

முன்வரிசையில், அழும் பெண்ணாக நடித்த சித்ரகலா பட்டுச்சேலையில் உட்கார்ந்து, "இப்ப நான் வருவேன், பாருங்கத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாகஜோதி திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

படம் ஓடியது. அந்தக் காட்சி வந்ததும் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "ஏம்புள்ள, கார்டு எங்க? வாட்ச்மேன் உள்ள உட மாட்டாரு!"

பாதிப்பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். மண்டபமே சிரித்தது. நாகஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சித்த சும்மா இருங்க!" மாமியார் கருப்பாத்தாள் திரும்பிப் பார்த்து அதட்டினாள். "புள்ள அழுதுட்டு நிக்கிறா. கார்டாம், கார்டு!"

சிரிப்பு அடங்கியது. நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். கருப்பாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருந்த மருமகளின் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.