சிப்பாயின் நெற்றிக் கோடு

இலங்கையில் யுத்த காலம். கணினி விளையாட்டில் வரும் வீரனுக்கு நான் ஹெல்மட் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். தாடைப் பட்டி உள்ளே எங்கே சேர்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. அந்த யோசனையில், ஹட்டன் சோதனைச்சாவடி வரிசையில் சிப்பாயின் தலையையே உற்றுப் பார்த்துவிட்டேன்.

"அண்ணே, அங்கிட்டு பாக்காதீங்க, புடிச்சிருவாங்க," என்றாள் தங்கச்சி.

அதற்குள் அவன் அழைத்துவிட்டான். பையைத் திறந்தால், நாலா பக்கமிருந்தும் பார்த்தபடி நான் வரைந்த ஹெல்மட் படங்கள்! "கம்ப்யூட்டர் கேமுக்கு," என்று சிங்களத்தில் உளறினேன். தங்கச்சி அழத் தொடங்கினாள்.

படங்களைப் புரட்டியவன், சட்டென்று தன் ஹெல்மட்டைக் கழற்றி, கவிழ்த்து, பட்டி சேரும் இடத்தைக் காட்டினான். அவன் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. தேயிலைக் கொழுந்துக் கூடைக் கயிறு அம்மாவின் நெற்றியில் பதிக்கும் அதே கோடு.

நான் வடிவமைத்த ஹெல்மட்டுக்குள் அதுவரை தலையே இருந்ததில்லை. இப்போதெல்லாம் கோட்டோடு ஒரு நெற்றியைச் செய்த பிறகுதான் ஹெல்மட்டால் மூடுகிறேன். யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை.