களத்தில் காய்ந்த டப்பி

எங்கள் வீட்டுக் கீழறை மலையைக் குடைந்து கட்டியது. பின்சுவர் பாறையேதான். முழங்கால் வலியால் படியேற முடியாமல் போனபின் மனைவி அங்கேதான் படுக்கிறாள். ஏற்காட்டுப் பனிக்கு ஜன்னல்களை மாலையிலேயே சாத்திவிடுவோம். பாறை இரவில் மூச்சுவிடுகிறது என்று முன்பொருமுறை எழுதினேன், அழகுக்காக. பாறையிலிருந்து ரேடான் என்ற வாயு, நிறமும் வாசனையும் இல்லாமல், தரை வெடிப்பு வழியே வீட்டுக்குள் ஏறும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்று வரலாம் என்று படித்தபின் அந்த வரி பிடிக்காமல் போயிற்று.

ஆய்வகத்திலிருந்து அந்த வாயுவை அளக்கும் சிறு டப்பி ஒன்று வரவழைத்தேன். மூன்று மாதம் கட்டிலருகே தொங்கவிட்டுத் திருப்பி அனுப்பினேன். வரம்புக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மாரமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து எங்கள் களத்தில் காப்பியும் மிளகும் காயவைக்கும் அம்மாளிடம் சொன்னேன். அவருக்கும் சந்தோஷம்.

“பின்னெ இருக்காதுங்களா? பனியில பூஞ்சை புடிச்சிருமின்னு தெனமும் அந்த டப்பியக் கொட்டையோட களத்துல வெச்சு, பொழுதெறங்க எடுத்து மாட்டுனனுங்க.”

நான் சொல்லித்தான் எடுக்கிறார் என்று மனைவி நினைத்திருந்தாள். நான் பகலில் வீட்டில் தங்குகிறவன் அல்ல. செம்மநத்தம் பக்கம் எங்காவது நடந்துகொண்டிருப்பேன். தொடக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை.

“களத்துக் காத்து நல்லா இருக்குதாம். கட்டில அங்கியே போட்ருங்க” என்றாள் மனைவி.

கட்டில் முன்னறைக்குப் போனது. கதவைத் திறந்தால் அதில் இடிக்கும். ஒவ்வொரு இடிக்கும் அவள் விழித்தாள். இரண்டாவது டப்பி கீழறையில் அசையாமல் தொங்கியது. அளவு வரம்பைத் தாண்டியிருந்தது. தரை வெடிப்புகளை அடைத்தோம். தரையில் துளையிட்டு, அடிமண்ணின் காற்றை உறிஞ்ச ஒரு குழாயைக் கூரைக்கு மேல்வரை ஏற்றி, விசிறி பொருத்தினோம்.

“அடுப்பே இல்லாத ரூமுக்குப் பொகைபோக்கியுங்களா?” என்று அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்.

விசிறியின் ரீங்காரம் ஓயாது. வீடு இப்போது உண்மையிலேயே மூச்சுவிடுகிறது. அதை நான் எழுதிவைக்கவில்லை.

மூன்றாவது முடிவு வந்தது. அளவு வரம்புக்குக் கீழே குறைந்திருந்தது. மனைவி தாளை வாங்கிப் பார்க்காமல் களத்துப் பக்கம் திரும்பினாள்.

“இந்தவாட்டி டப்பியத் தொட்டீங்களா?”

“வெரல்கூடப் படலீங்க. நூலாம்படை கட்டிக் கெடந்துது, அதையுங்கூட வுட்டுட்டனுங்க.”

மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு கீழறைக்கு நடந்தாள்.