தொப்பையனை மாற்றலாமா?

எங்கள் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், நாத்தனார் லட்சணத்தோடு நான் கொஞ்சம் யோசிப்பேன். கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லையைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதில் அவளை மிஞ்ச ஆளில்லை; ஒரு காது மேலே ஒரு காது கீழே இருக்கிற ஆளுக்கும் கோணாமல் மாட்டி அனுப்பிவிடுவாள். ஆனால் வாய் மட்டும் காசு கொடுத்தாலும் திறக்காது.

எங்கள் அப்பா பஸ் ஓட்டியவர். 'ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே காலத்தைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றதும் அத்தனையும் சேர்த்துப் பேசலாம் என்று வந்து உட்கார்ந்தார். யாரிடம் பேசுவது? அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அண்ணனுக்கு வெளியூரில் வேலை. அந்த இரண்டாம் மாடி வீட்டில் அப்பாவும் அண்ணியும் மட்டும்தான். அவள் சாயங்காலம் வந்து பையை மாட்டிவிட்டு, சாப்பிட்டீர்களா மாமா என்பாள். ஆச்சும்மா என்பார். அன்றைய பேச்சு முடிந்தது.

அப்புறம்தான் வீட்டுக்குள் பூதம் புகுந்தது. அது ஒரு போன் விளையாட்டு. தெருவில் நடந்தால் திரையில் குட்டிப் பூதங்கள் தலைகாட்டும், பிடித்து வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடந்தால் மிட்டாய் கிடைக்கும். மிட்டாயை ஊட்ட ஊட்டப் பூதத்துக்குப் பலம் ஏறும். அண்ணிக்கு இது பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ஆனால் கடையில் போனைத் தொட்டால் முதலாளி கத்துவார். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை, நடக்கச் சொல்லி டாக்டர் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று, அண்ணி தன் கணக்கை அவர் போனிலும் திறந்து கொடுத்தாள். நடப்பதற்கென்று புது ஷூவும் வாங்கிக் கொடுத்தாள்.

அப்பா துணைக்கு எடுத்துக்கொண்டது ஒரு குண்டுப் பூதத்தை. தொப்பையன் என்று பெயர் வைத்ததும் அவர்தான். சண்டைக்கு அனுப்பினால் முதல் அடியிலேயே மல்லாந்துவிடும். உங்களை மாதிரியே இருக்கு என்று நான் கேலி செய்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை. நடந்து சேர்த்த மிட்டாயில் பாதியை அதற்கே ஊட்டினார்.

சாயங்காலம் அண்ணி வந்ததும் முதல் வேலை, அன்றைக்கு எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. நிறைய ஏறியிருந்தால் முகம் மலரும். எந்தப் பக்கம் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்பாள். அவர் தெருமுனை நாயில் ஆரம்பித்து பஸ் டிப்போ வரைக்கும் கதை சொல்வார். குறைவாக இருந்தால் 'ம்' என்று போனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தச் சமயத்தில் அண்ணியோடு கடையில் வேலை செய்கிற பெண்கள் எல்லாம் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் ஒரு ராட்சசப் பூதத்தை அடித்துச் சாய்ப்பது என்று ஏற்பாடு. அண்ணி வளர்த்த கொம்பன் என்ற பூதம்தான் முன்னால் நிற்க வேண்டும். அவனுக்கு மிட்டாய் போதவில்லை. இதற்கு ஒரு வழி உண்டு. பலம் ஏறிய வேறொரு பூதத்தை எடுத்து 'மாற்று' என்று அழுத்தினால் அது காணாமல் போய், கை நிறைய மிட்டாய் வரும். போனது போனதுதான், திரும்பாது. அண்ணி தன்னுடைய இரண்டை மாற்றிவிட்டாள். இன்னும் போதவில்லை. மிச்சம் இருந்தது தொப்பையன்.

நாலு நாளாக அதே யோசனை அவளுக்கு. மாமா நடந்து வளர்த்தது, மனசு உறுத்துகிறது என்று என்னிடம் போனில் சொன்னாள். அவளாகக் கூப்பிட்டுப் பேசியதே அதிசயம். போன்ல இருக்கிற பொம்மைக்கு இவ்வளவு பாவபுண்ணியமா என்று நான் சிரித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அங்கேதான் இருந்தேன். அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, தொப்பையனை மாத்திடட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாம்."

அப்பா போனை வாங்கித் தொப்பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாத்திட்டா, மறுபடியும் முதல்லேருந்து நடக்கணுமாம்மா?"

ஆமாம் மாமா என்று அவள் சிரித்தாள்.

"சரி, மாத்திக்கோ. நடந்துக்கலாம்."

போனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். அண்ணியின் விரல் பொத்தானுக்குப் போனது. அப்போதுதான் தரையைப் பார்த்தாள். ஷூவை மட்டும் கழற்றிவிட்டுக் காலுறையோடு அவர் நடந்து போன வழியில் ஈரத்தடம். வலது காலுக்கு மட்டும். இத்தனைக்கும் அவர் இன்னும் தண்ணீர்ப் பானையைத் தொடவில்லை.

போனைப் போட்ட இடம் தெரியவில்லை. ஓடிப்போய் அவரை உட்கார வைத்துக் காலுறையை இழுத்தாள். ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. புது ஷூ கடித்துக் கடித்துச் சுண்டுவிரல் ஓரம் முழுவதும் புண். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். எங்கள் வீட்டில் பூதம் பிடிக்கப் போய்ப் புண் கிளம்பிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"ஏன் மாமா சொல்லல? நடக்காம இருந்திருக்கலாமே?"

அப்பா திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழித்தார்.

"நடந்தாத்தானம்மா நீ பேசுற."

அண்ணி காலுறையைக் கீழே போட்டுவிட்டு, டாக்டரிடம் போக ஆட்டோவைக் கூப்பிட ஓடினாள்.

இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். திட்டியது அப்பாவைத்தான். தலை குனிந்து நின்றது அண்ணி. வெளியே வந்ததும், "ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் பாக்கறேன். வீட்ல ஒருத்தர் காலைப் பாக்கல. அந்த ஷூவும் நான்தான் வாங்கினேன்" என்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் வாரம் தவறாமல் வந்து லொடலொடவென்று பேசிவிட்டுப் போகிற மகளும் அந்தக் காலைப் பார்க்கவில்லையே. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

பூங்காவுக்கு அவள் போகவில்லை. தொப்பையன் ஏற்றிய பலத்தோடு இன்னும் போனில்தான் இருக்கிறான். அந்த விளையாட்டை அவள் திறப்பதே இல்லை. அழிக்கவும் மனசு வரவில்லையாம்.

இப்போது வேலையிலிருந்து வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாமனார் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். கட்டைப் பிரித்து, துடைத்து, மருந்து வைத்து, புதிதாகக் கட்டுகிறாள். அதுவரைக்கும் அப்பா பேசுகிறார். அவளும் நடுநடுவே கேட்கிறாள்.

போன வாரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். புண் இருந்த இடம் காய்ந்து, தோல் நன்றாக மூடியிருந்தது.

"என்ன அண்ணி, இது எப்பவோ ஆறிடுச்சே. எதுக்கு இன்னும் கட்டு?"

அப்பா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி தலையை நிமிர்த்தவில்லை. புதுத் துணிச்சுருளைப் பிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள். "நீங்க சொல்லுங்க மாமா. அப்புறம் அந்தக் கண்டக்டர் என்ன செஞ்சார்?"