அடுப்புச் சாம்பல் பூசிய வின்செஸ்டர்

உங்கள் துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்க்கடையில் ஒரு காப்பி குடித்து வாருங்கள். நீங்கள் திரும்புவதற்குள் அது எத்தனை மழை பார்த்தது, எந்தத் தோளில் தொங்கியது, சொந்தக்காரருக்குத் திருப்புளி பிடிக்கத் தெரியுமா தெரியாதா, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். பதினாலு வயதில் மர ஆலையில் தூள் அள்ளப் போனேன். இன்றைக்கு மெயின் தெருவில் புரூனோ என்று கொட்டை எழுத்தில் பெயர் போட்ட கடை வைத்திருக்கிறேன். வடக்குப் பென்சில்வேனிய மலைகளில் பழைய துப்பாக்கி வாங்கவும் விற்கவும் மூன்று மாவட்டத்துக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். படித்த வக்கீல்கள்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட என்னையே ஒரு நிமிஷம் திகைக்க வைத்தவன் ஒருத்தன் உண்டு. ஆர்லோ கூஸ்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். எந்தக் குழந்தையையும் அதட்டியதில்லை, எந்த நாய்மீதும் வண்டியை ஏற்றியதில்லை. தலையில் முடி இல்லை, வாயில் எப்போதும் ஒரு விசில் பாட்டு. அவனைப் பற்றி இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் டெல்மர் ஹாக். டெல்மர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் ஆர்லோவிடம் கேட்டேன். "எழுதேன், எனக்கு என்ன போச்சு" என்றான்.

டெல்மர்தான் எங்கள் ஊர் வேட்டைக் கேம்பின் தலைவர். நவம்பர் கடைசித் திங்கள்கிழமை மான் வேட்டை ஆரம்பம். அன்றைக்குப் பள்ளிக்கூடமே லீவு. முந்தைய நாளே ஒன்பது பேர் மலைமேல் இருக்கும் மரக்குடிலுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு சட்டம். மானைப் பார்த்துச் சுட்டுக் குறி தப்பியவன் சாயங்காலம் சட்டையைக் கழற்றித் தரவேண்டும். டெல்மர் அதன் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணியடித்துவிடுவார். அந்தச் சுவரில் ஆர்லோ பெயரில் மட்டும் பதினாலு துண்டுகள். வேறு யாருக்கும் நாலைத் தாண்டவில்லை.

ஆர்லோவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "இந்தா, இந்த வருஷம் பச்சைக் கட்டம்" என்று அவனே சட்டையைக் கழற்றி நீட்டுவான். அப்புறம் கோஸ் இலையில் கறி வைத்துச் சுருட்டி ஒரு குண்டான் நிறையச் சமைத்துப் போடுவான். அவன் இல்லாமல் அந்தக் கேம்பில் சிரிப்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. வருஷத்தில் மற்ற ஐம்பத்தோரு வாரமும் அவன் அந்த ஒரு வாரத்துக்காகத்தான் வாழ்ந்தான் என்பேன்.

1993 அக்டோபர். ஆர்லோவின் மனைவி வெர்னாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். படுக்கையறையும் குளியலறையும் மாடியில். படியேற முடியாதவர்களை உட்காரவைத்துத் தண்டவாளத்தில் மேலே இழுத்துப் போகும் மோட்டார் நாற்காலி ஒன்று பக்கத்து ஊரில் விலைக்கு வந்திருந்தது. அறுநூற்றைம்பது டாலர். வியாழனுக்குள் பணம் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஆர்லோ தன் வின்செஸ்டர் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தான். எல்லாரும் தேடுகிற பழைய மாடல். 1964க்கு முன்னால் செய்தது.

"எவ்வளவு தேறும் புரூனோ?"

"முதல்ல பார்க்கணும்ப்பா. நீ சொல்றதை நம்பி விலை போட்டா நான் எப்பவோ கடையை மூடியிருப்பேன்."

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புதுத் துப்பாக்கி கடை வாசலைத் தாண்டியதும் விலை இறங்கிவிடும். ஒரு தோட்டா சுட்டாலும் சுடாவிட்டாலும் அது பழையதுதான். ஆனால் அந்த முதல் சறுக்கலுக்கு அப்புறம், கொஞ்சமாகச் சுட்ட துப்பாக்கி வருஷக்கணக்கில் விலை குறையாமல் நிற்கும். நல்ல மாடலாக இருந்தால் ஏறவும் செய்யும். அதனால்தான் விற்க வருகிற ஒவ்வொருவனும் "ஒரே ஒரு பெட்டி தோட்டாதான் சுட்டேன்" என்கிறான். முப்பத்தெட்டு வருஷத்தில் ரெண்டு பெட்டி சுட்டேன் என்று சொன்ன ஒருத்தனை நான் பார்த்ததில்லை. எண்ணெய் போட்டு, துடைத்து, மினுக்கி, கல்யாணப் பெண் மாதிரி கொண்டுவருவார்கள். சில மடையர்கள் துருப்பிடிக்காமல் இரும்புக்குப் போட்ட பழைய நீலப் பூச்சை உரசி எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு அடித்துக் கொண்டுவந்து பாதி விலையை அங்கேயே தொலைப்பார்கள்.

ஆர்லோ என்ன சொன்னான் தெரியுமா?

"நிறையச் சுட்டிருக்கேன் புரூனோ. ஆயிரம் ரவுண்டு இருக்கும். குழல் தேஞ்சே போயிருக்கும்னு வச்சுக்கயேன்."

நான் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தேன். கையில் தூக்கி நடக்கும்போது விரல் பிடிக்கிற இடத்தில் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளி தெரிந்தது. தோள்வார் உரசிய தடம் கட்டையில் இருந்தது. சரி, முப்பது வருஷம் மலை ஏறிய துப்பாக்கி. தோட்டாவைத் தள்ளிக் குழலை அடைக்கிற போல்ட்டைக் கழற்றினேன். சுடச் சுடத் தேய வேண்டிய அதன் முகம் புதுக் காசு மாதிரி பளபளவென்று இருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. குழலுக்குள் பார்த்தால் கரி அப்பிக் கிடந்தது. துணியைக் கம்பியில் கோத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கரி மொத்தமும் துணியோடு வந்துவிட்டது. மோந்து பார்த்தேன். வெடிமருந்து வாசனையே இல்லை. பன்றிக் கொழுப்பும் அடுப்புச் சாம்பலும்.

"ஆர்லோ, இது என்னடா? துப்பாக்கிக்குள்ள சமையல் பண்ணினியா?"

அவன் விசில் நின்றது.

நான் விளக்கைப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தேன். உள்ளே ஓடும், நிறையச் சுட்டால் மழுங்கிவிடும் சுருள்வரிகள் ஒவ்வொன்றும் கத்தி முனைபோலக் கூர்மையாக நின்றன. அழுக்கைத் துடைத்துவிட்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அழுக்கைப் பூசிக்கொண்டு வந்தவன் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான்.

"எத்தனை தடவை சுட்டே? உண்மையைச் சொல்லு."

"மூணு."

"இந்த வருஷமா?"

"மொத்தமே. வாங்கின அன்னிக்கு, குறி சரிபாக்கறதுக்கு."

"அப்போ சுவர்ல தொங்குற பதினாலு சட்டை வாலு?"

ஆர்லோ கடைக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "முதல் வருஷம் ஒரு கலைமான் என் பூட்ஸ்கிட்ட வந்து நின்னுச்சு. சுடத் தோணலை. அதுபாட்டுக்கு அது மேஞ்சுச்சு, நான்பாட்டுக்கு நான் சாண்ட்விச் தின்னேன். அந்த மாதிரி சுகமான ஒரு காலையை நான் பாத்ததே இல்லை. சாயங்காலம் மானே கண்ணுல படலைன்னு சொன்னேன். உடனே டெல்மர், அடுத்த வருஷம் நல்ல இடத்துல என் பக்கத்துல உக்காருன்னுட்டார். அவர் பக்கத்துல உக்காந்தா மூச்சு விட முடியுமா? சுட்டேன், தப்பிடுச்சுன்னு சொன்னா இடத்தை மாத்த மாட்டாங்க. மலைக்கு அந்தப் பக்கம், ஓடைச் சத்தத்துல சுட்டேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஒரு சட்டையை விட்டுக் கொடுத்தேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் சிரிக்கவில்லை.

"டெல்மருக்குத் தெரிஞ்சா என்னைக் கேம்புக்குள்ள விடமாட்டார் புரூனோ. சட்டையைப் பொய்யாக் கொடுத்தவன்னு ஆயிடும். கரியைப் பூசினா நீயும் கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

என்னை ஏமாற்ற நினைத்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் நாலு வழி யோசித்தேன். நானே வாங்கினால் வியாபாரி விலைதான். நானூற்றைம்பதுக்கு மேல் ஒரு காசு போட மாட்டேன், கூடப்பிறந்தவனுக்கும் அதே கணக்குதான். எங்கோ தூரத்துத் துப்பாக்கிச் சந்தையில் முன்பின் தெரியாதவனுக்கு விற்கலாம், ஆனால் அடுத்த சந்தைக்கு மூன்று வாரம் இருந்தது. முழு விலை கொடுத்து உடனே வாங்கக்கூடியவர் ஊரிலேயே ஒருவர்தான். பத்து வருஷமாக அதே மாடலைத் தேடிக்கொண்டிருந்தார்.

டெல்மர் ஹாக்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. கோர்ட்டு மணிக்கூண்டில் பத்து மணி அடிக்கும்போது தினமும் என் கடையில் வந்து உட்காருகிறவர் அவர். அன்றும் வந்தார். ஆறடி நாலங்குல உடம்பு, சிவப்புத் தொப்பி.

"அடடே, ஆர்லோ! மானுங்க எல்லாம் உனக்கு நன்றி சொல்லி லெட்டர் போட்டிருக்காமே?" என்றபடி உள்ளே வந்தவர், மேஜையைப் பார்த்து நின்றுவிட்டார். "விக்கறியா? இதையா?"

"வெர்னாவுக்கு நாற்காலி வாங்கணும்."

"ம். கேள்விப்பட்டேன்." துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை வழிந்தது. ஆனாலும் பேரம் பேசாமல் மூச்சுவிடத் தெரியாத மனுஷன். "முந்நூத்தைம்பது தரேன். கட்டையில எல்லாம் தேய்மானம் பாரு. அதோட உன் கைல இருந்த துப்பாக்கி. கண்டபடி சுட்டுச் சுட்டுக் குழல் வீணாப் போயிருக்கும். அதனாலதான்டா உனக்குக் குறியே விழலை."

ஆர்லோ முகம் வெளுத்தது. முந்நூற்றைம்பதுக்குப் பாதி நாற்காலிதான் வரும்.

டெல்மர் என் பக்கம் திரும்பினார். "யோவ் புரூனோ, நீ சொல்லு. குழல் எப்படி?"

என் கடையில் ஒரு துப்பாக்கியைப் பற்றி நான் பொய் சொன்னேன் என்று உயிரோடு இருக்கிற ஒருவனும் செத்துப்போன ஒருவனும் சொல்ல முடியாது. அதனால்தான் நான் நானாக இருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கும் முன் ஆர்லோவைப் பார்த்தேன். சொல்லட்டுமா வேண்டாமா என்பதை அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

அவன் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் தடவினான். சுவரைப் பார்த்தான். அப்புறம் விளக்கை எடுத்து டெல்மர் கையில் திணித்தான்.

"நீயே பாரு டெல்மர்."

டெல்மர் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார். அவரும் ஐம்பது வருஷமாகத் துப்பாக்கி பிடித்தவர்தான், யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இதுல யாரும் சுட்டதே இல்லையே!"

"மூணு தடவை" என்றான் ஆர்லோ. "என்னால மானைச் சுட முடியலை. சும்மா உக்காந்திருந்தேன். சட்டை எல்லாம் பொய்."

டெல்மர் துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தார். கழுத்திலிருந்து காதுவரை சிவந்துகொண்டே போனது.

"பதினாலு சட்டைடா! என் கையால கத்தரிச்சேன்! ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்னு பிரசங்கம் வேற பண்ணினேன்! எப்படிக் குறி பாக்கணும், எப்படி மூச்சைப் புடிக்கணும்னு!"

"நல்ல பிரசங்கம் டெல்மர்."

"வாயை மூடு!"

நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சிரித்தால் அடி விழும் நேரம்.

டெல்மர் கடைக்குள் இரண்டு நடை நடந்தார். நின்றார். "இது வெளியே தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். நான் இனிமே வரலை."

"அட முட்டாளே! சிரிக்கப் போறது உன்னைப் பாத்து இல்ல, என்னைப் பாத்து! மானையே சுடாதவன் சட்டையைப் பதினாலு தரம் வெட்டின தலைவன்னு பக்கத்துக் கேம்புக்காரன் பாட்டே கட்டிடுவான்." விரலை முதலில் ஆர்லோ மூக்குக்கு நேரே நீட்டினார், அப்புறம் எனக்கு நேரே. "நான் சாகற வரைக்கும் ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது. நீ வழக்கம்போல நவம்பர்ல வர்றே. வழக்கமான இடத்துல உக்கார்றே. கோஸ் சுருட்டு பண்றே. புரிஞ்சுதா?"

"சட்டை?"

"அது உன் இஷ்டம். இனிமே பிரசங்கம் மட்டும் கிடையாது."

ஆர்லோ கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்போ விலை?" என்றேன் நான். யாராவது தொழிலைப் பார்க்க வேண்டுமே. "வெளியே தேய்மானம், உள்ளே புதுசு. எழுநூறு பெறும். ஆர்லோவுக்குத் தேவை அறுநூத்தைம்பது."

டெல்மர் பல்லைக் கடித்தார். ஆனால் கை துப்பாக்கிக் கட்டையைத் தடவிக்கொண்டேதான் இருந்தது. பத்து வருஷம் தேடியது, அதுவும் இப்படிப்பட்ட குழலோடு, இந்த மலைகளில் இனி எங்கே கிடைக்கும்? பேரமே பேசாமல் பணத்தை எடுத்து வைத்தார். அவர் வாழ்க்கையிலேயே அது ஒரே தடவை, என் கடையில் நடந்தது. படிவத்தில் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு, விடைகூடச் சொல்லாமல் போனார்.

ஆர்லோ என் போனிலேயே நாற்காலிக்காரனைக் கூப்பிட்டான். "நாளைக்கே கொண்டாந்து மாட்டிடுங்க. ஆமாம், மாடிப்படி இடதுபக்கம் திரும்பும்." போனை வைத்ததும் விசில் திரும்பி வந்துவிட்டது. பாதி வழியில் அதுவும் நின்றது.

"புரூனோ, நவம்பர்ல நான் வெறுங்கையோட எப்படிப் போறது? மத்த ஏழு பேரும் கேப்பாங்களே."

மூலையில் யாரும் வாங்காத ஒரு துப்பாக்கி கிடந்தது. குழல் முழுக்க அரித்துப் புள்ளி விழுந்தது. மூணு தடவை சுட்டதா மூவாயிரம் தடவை சுட்டதா என்று என்னாலேயே சொல்ல முடியாது. இருபது டாலருக்குக் கொடுத்தேன், அதுவே தர்மம்.

ஆர்லோ அதைத் தோளில் மாட்டிக் கடைக்குள் ஒரு சுற்று நடந்தான். திரும்பி வந்து மேஜைமேல் வைத்தான்.

"கனமா இருக்கே. இதைவிட லேசா ஒண்ணு இல்லையா? நான் தூக்கிட்டு நடக்க மட்டும்தானே போறேன்."