அனுமதி வாங்கிய வசனம்

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, அரசுத் துறை ஒன்றில் வரைவாளர் வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி இருந்த மாதங்கள் அவை. என் பெயரில் சின்னதாக ஒரு வழக்கு விழுந்தாலும் வேலை போய்விடும். அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீதி நாடகக் குழுவின் அனுமதி மனுவில் கையெழுத்துப் போட்டேன். எட்டுப் பேரில் ஒழுங்காக மனு எழுதத் தெரிந்தவள் நான்தான். வேறு காரணம் இல்லை.

நாடகம் ஏரிக்கு வரும் கால்வாயைப் பற்றியது. அதை மண்ணடித்து மூடி மனை போட்டிருந்தார்கள்.

மனுவோடு மூன்று இணைப்புகள்: இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், நடிப்பவர்கள் பட்டியல், முழு வசனம் இரண்டு பிரதி. ஸ்டேஷன் ரைட்டர் பதினோராம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இன்னாம்மா, பாதிப் பக்கம் காலியா இருக்குது?"

"அங்க கட்டியங்காரன் ஜனங்களோட பேசுவாரு சார்."

"இன்னா பேசுவாரு?"

"அது அன்னிக்கு வர்ற ஜனங்களப் பொறுத்து..."

"அதெல்லாம் ஆவாது. பேசறத எழுதிக் குடு. ஒரு வார்த்தை ஜாஸ்தி வந்தாலும் கையெழுத்துப் போட்ட உன் மேலதான் கேஸ்."

நாடகத்தை நடத்திக்கொண்டு போகும் எங்கள் கட்டியங்காரன், பஸ்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். தெருக்கூத்தில் பல வருஷம் கோமாளியாக ஆடியவர். எதிரே நிற்பவரைப் பார்த்த பிறகுதான் அவருக்குப் பேச்சே வரும். நான் பதினான்கு நகைச்சுவைகளை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன்.

"எழுதி வெச்சிப் பேசனா அவன் கட்டியங்காரனாம்மா? ரேஷன் கடையில பேர் கூப்படறவன்."

"அண்ணா, என் வேலைண்ணா."

"சரி சரி, மூஞ்சிய அப்படி வெச்சிக்காத. உனக்காவ ஒப்பிக்கிறேன்."

மார்க்கெட் பக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு நாடகம். என் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், முத்திரை குத்திய பிரதியில் ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்று முதல் ஒன்பது வரை எழுதியபடியே போனது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

பத்தாவது, கட்டியங்காரனின் கேள்வி: "கால்வாய் எங்கய்யா போச்சு?" கூட்டத்துக்குள் நின்ற எங்கள் நடிகர், "வெயில்ல காஞ்சி போச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் வாய் திறப்பதற்குள் கூடையோடு நின்ற பூக்காரம்மா குரல் கொடுத்தார்.

"ஆபீசுல பட்டா போட்டு வித்துட்டாங்க! இதுகூடத் தெரியாமயா ஆட வந்துட்ட?"

கூட்டம் ஓவென்று சிரித்தது. கட்டியங்காரனுக்கு உயிர் வந்துவிட்டது.

"யக்கா, இது என் பேப்பர்ல இல்லியே! நீ பர்மிஷன் வாங்கினியா?"

பென்சில் நின்றது. கான்ஸ்டபிள் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அந்தம்மா உங்க ஆளா?"

இல்லை என்றால் பூக்காரம்மாவின் பெயரையும் கடை போடும் இடத்தையும் குறித்துக்கொள்வார். ஆமாம் என்றால் என் பெயர். அந்தக் கூடையில் பாதிப் பூ விற்காமல் இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

"எங்க ஆளுதான் சார். பட்டியல்ல விட்டுப் போச்சு."

அதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். கான்ஸ்டபிள் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பினார்.

"அப்ப உன் பேர்லதான் எழுதுவேன்."

"எழுதுங்க சார்."

அடுத்த பத்து நாள், தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றேன். வீட்டில் சொல்லவில்லை. பதினோராம் நாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வேலைக்குப் போற பொண்ணு, கேஸ் வாணாம்னு விடறேன். இனிமே இதுல கலந்துக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்தேன், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். வேலை கிடைத்தது.

அடுத்த நாடகத்துக்கு வேறொருவர் கையெழுத்துப் போட்டார். அலுவலகம் விட்டுப் போய், சாலைக்கு எதிர்ப்புறம் பழ வண்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கட்டியங்காரன் கூட்டத்தின் பக்கம் திரும்பியதும், பார்வை என் மேல் விழுந்துவிடுமோ என்று பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டேன். பின்னால் பெரிதாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் என்ன சொன்னார்கள் என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.