இன்ஜினுக்கு ஒரு ஷேட் ஃபைல்

எங்கள் அலுவலக அலமாரியில் ஷேட் ஃபைல்கள் வரிசையாக நிற்கும். சாயப்பட்டறையிலிருந்து வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு சின்னத் துணி வெட்டி, அட்டையில் பின் அடித்து, மேலே லாட் நம்பர் எழுதி வைப்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நாளைக்குச் சரக்கு வாங்கும் பையர் வந்து நிறம் மாறிவிட்டது என்று மூக்கைச் சுளித்தால், அந்தத் துண்டுத் துணிதான் எங்களுக்குச் சாட்சி. அந்த வரிசையின் கடைசியில் இருக்கும் ஒரு ஃபைலில் மட்டும் துணிகளெல்லாம் எண்ணெய்க் கறையாக இருக்கும். பழுப்பு, கரும்பழுப்பு, தார் போலக் கறுப்பு, நடுவில் திடீரென்று தேன் நிறம். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, இது எந்த ஆர்டர் என்று கேட்பார்கள். அது எங்கள் பிக்கப் வண்டியின் இன்ஜின் ஃபைல் என்று சொன்னால் நான் விளையாடுவதாக நினைத்துக்கொள்வார்கள்.

அதைத் தொடங்கியது நான்தான். கல்யாணத்துக்கு முன்பு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆறு வருஷம் நிறம் பார்க்கிற வேலையில் இருந்தேன். இரண்டு வெள்ளைத் துணிகளை அருகருகே வைத்து, இதில் நீலம் ஒரு பொட்டு கூடுதல் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு. கல்யாணம் ஆகி என் கணவரின் யூனிட்டுக்கு வந்தபோது, என் கண்ணுக்கு வேலை கொடுக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டிங்கும் பேக்கிங்கும் திருப்பூரில், தையல் மட்டும் மூலனூரில். காலையில் வெட்டிய துணிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தாராபுரம் வழியாக மூலனூர் போய், சாயங்காலம் தைத்த பனியன்களோடு திரும்பி வருவது பிக்கப்பின் வேலை. அது ஒரு நாள் நின்றால் அங்கே நாற்பது பெண்கள் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வண்டியைப் புதிதாக வாங்கிய நாள் முதல் ஓட்டியவர் டிரைவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு வந்த மனைவியோடு இந்த ஊருக்கு வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டவர். ஒல்லியான உடம்பு, சலவை மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. வண்டியில் மாதா படமும் நாங்கள் ஒட்டிய மாரியம்மன் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் அவரே தினம் பூ வைப்பார். இன்ஜினை அவர் ‘இவன்’ என்றுதான் சொல்லுவார். “இவன் இன்னைக்குக் குண்டடம் மேட்டுல மூச்சு வாங்குதான்” என்பார். மூலனூர்ப் பெண்கள் அவரிடம் முருங்கைக்காய்க் கட்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாமல் கம்பெனி முழுக்கப் பங்கு வைப்பார். எங்கள் வீட்டுச் சாம்பாரில் பாதி அவர் புண்ணியம். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலையில் அவர் பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கட்டிங்கில் விழுந்த வெள்ளைத் துணியால் துடைப்பார். எங்கள் ஊரில் எண்ணெய் துடைக்கப் பழைய துணி தேட வேண்டியதில்லை. புத்தம் புதிய பருத்தியே தரையில் கிடக்கும். ஒரு நாள் அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்குப் பழைய புத்தி வந்துவிட்டது. “தூக்கிப் போடாதீங்க அண்ணாச்சி, கொடுங்க” என்று வாங்கி, ஓர் அட்டையில் பின் அடித்துத் தேதி எழுதினேன். “இதுக்குமா அப்ரூவல்?” என்று சிரித்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவரே ஒரு துணியைச் சதுரமாக வெட்டி, நடுவில் கறை வரும்படி துடைத்துக் கொண்டுவந்தார். எண்ணெய் மாற்றிய முதல் வாரம் பழுப்பு, அடுத்த வாரம் கரும்பழுப்பு, மூன்றாம் வாரத்திலிருந்து கறுப்பு. டீசல் இன்ஜினில் அப்படித்தான் வரும். வருஷக்கணக்கில் அந்த வரிசை மாறவே இல்லை. சில சனிக்கிழமைகளில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஏதோ பெரிய டாக்டர்கள் போலப் பேசிக்கொண்டு நிற்போம்.

நாலு வருஷத்துக்கு முன்பு வண்டி ஐந்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. என் கணவருக்கு அப்போதிலிருந்து நிம்மதி இல்லை. அவர் கண்ணில் படுவதைத்தான் நம்புவார். “ஏனம்மிணி, காலைல கெளப்பறப்ப வர்ற பொகையப் பாத்தியா? கொசு மருந்து அடிக்கறாப்ல நீலமா வருது. இந்த இன்ஜின் முடிஞ்சுதுங்கறேன்” என்றார். முன்பே இரண்டு முறை இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தாகிவிட்டது. மூன்றாவது முறையும் பார்ப்பதா, வேறு இன்ஜின் வைப்பதா என்ற பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. பிறகு அவர் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது வழிக்கு வந்தார். வண்டியையே விற்றுவிட்டு, வெளி டெம்போவை வாடகைக்குப் பேசிக்கொள்வது. அது நடந்தால் அண்ணாச்சிக்கு வேலை இல்லை. ஐம்பத்தைந்து வயதில் அவரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? கணவர் அதைச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும்.

அந்த நேரத்தில்தான் என் ஃபைல் எனக்குக் கைகொடுத்தது. எண்ணெய் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தார் போல இருக்க வேண்டிய கறை வாரா வாரம் வெளுத்துக்கொண்டே வந்தது. கறுப்பு கரும்பழுப்பாகி, கரும்பழுப்பு பழுப்பாகி, கடைசித் துணி தேன் நிறத்தில் இருந்தது. எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அட்டையை விரித்துக் கணவர் முன்னால் போட்டேன். “புகையை விடுங்க மாமா, ஷேட்டைப் பாருங்க. உள்ளே சுத்தமா இருந்தாத்தானே இவ்வளவு லைட்டா வரும்? இந்த இன்ஜினுக்கு நான் ஜாமீன். வண்டி இப்படியே ஓடட்டும்” என்றேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறத்தில் என்னோடு வாதாடி ஜெயித்ததில்லை என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “செரி, நீ சொன்னாச் செரி” என்று எழுந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவசர ஆர்டர் ஒன்று. வண்டி மூலனூருக்கு ஒரு நாளைக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும். அதற்கும் சம்மதம் சொல்லிவிட்டார். வாசலில் லோடு சீட்டோடு நின்றிருந்த அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இருக்கும் என்று பார்த்தேன். சீட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

திங்கட்கிழமை நான் வந்தபோது வண்டி லோடு ஏறி நின்றது, கிளம்பவில்லை. அண்ணாச்சி என் மேசைக்கு முன்னால் வந்து ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார். சனிக்கிழமை இல்லையே என்று யோசித்தபடியே வாங்கினேன். துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் ஓர் ஈ உட்கார்ந்த அளவுக்குக் கறை. என் மடத்தனத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: “பரவாயில்லையே” என்று சொல்ல வாயெடுத்தேன்.

“கம்பியில எண்ணெயே இல்லம்மா” என்றார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊத்தினேன். அதுக்குள்ள குடிச்சிட்டான். நீங்க ரெண்டு மாசமா பாத்த நெறமெல்லாம் நான் ஊத்துன புது எண்ணெயோட நெறம். இவன் குடிக்கக் குடிக்க நான் ஊத்திக்கிட்டே இருந்தேன். அதான் வெளுப்பா தெரிஞ்சுது.”

எனக்குக் காது சூடானது. முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். எவ்வளவோ பெரிய சாயப்பட்டறைகளின் லாட்டை எல்லாம் ஒரு நூல் வித்தியாசத்துக்குத் திருப்பி அனுப்பியவள், ஒரு டிரைவர் காட்டிய தேன் நிறத்தில் ஏமாந்து போயிருக்கிறேன். நல்லது என்று நான் துள்ளியது அத்தனையும் கேடு. “ஏன் அண்ணாச்சி முன்னாடியே சொல்லலை?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்திருக்கும்.

“சொன்னா வண்டியை வித்துருவாங்கல்லாம்மா. வண்டி போனா நான் எங்க போக?” என்றார். தலை நிமிரவில்லை.

“அப்போ இன்னைக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?”

“மொதலாளிகிட்ட நீங்க ஜாமீன் நின்னியளே. ரெண்டு நடை போயி, இவன் நடுவழியில செத்துக்கிடந்தா, பொய் சொன்னது நீங்கன்னு ஆயிரும். எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கலம்மா.”

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. வேலை போகும் என்ற பயத்தில் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷனுக்கு, என் சொல் பொய்யாகிவிடும் என்றதும் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. எனக்காக இப்படி ஒருவர் சோறு இறங்காமல் இருந்தது அதற்கு முன்பு எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா வீட்டைத் தவிர வேறு இடம் நினைவுக்கு வரவில்லை.

கணவரை நானே கூப்பிட்டேன். என்னைக் கேலி செய்து தீர்த்துவிடுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். அவரோ அந்த வெள்ளைத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைய லோடுக்கு ஒரு டெம்போவை வரச்சொல்லிவிட்டு, பல்லடம் ரோட்டு மெக்கானிக்கை அழைத்துவந்தார். மெக்கானிக் இன்ஜினைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “சிலிண்டரை ஏற்கெனவே ரெண்டு வாட்டி கடைஞ்சாச்சுங்க. இன்னொருக்காக் கடைய உள்ளார இரும்பு இல்லீங்க. பிஸ்டன் ரிங் மட்டும் புதுசாப் போட்டா ஆறு மாசம் தள்ளலாமுங்க. ஆனா பாடியும் கியர் பாக்ஸும் கல்லாட்ட இருக்குது” என்றார்.

கணவர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார். “ஓட்டறது நீங்கதானுங்க. நீங்களே சொல்லுங்க. ரிங் போட்டு இதையே வெச்சுக்கறதா, மாத்தறதா?”

பதினோரு வருஷம் ‘இவன்’ என்று கூப்பிட்ட இன்ஜின். நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவார் என்றுதான் நினைத்தேன். “மாத்திருங்க மொதலாளி” என்றார். “இவன்மேல ஆசை இருக்குங்கறதுக்காக நாப்பது பிள்ளைய பொழப்பைக் கெடுக்கப்புடாது. ஆனா அதுக்கு எதுக்கு இன்ஜின் செலவு, விக்கதுன்னாலும் வித்துருங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

“வித்துப்போட்டு?” என்றார் என் கணவர். “வாடகை டெம்போக்காரன் தன்ற வண்டி கெட்டுப்போச்சுன்னு நம்மகிட்ட வந்து சொல்லுவானா?” பிறகு மெக்கானிக்கைப் பார்த்துப் புது இன்ஜினுக்குச் சொல்லச் சொன்னார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அன்று இரண்டு ஆண்களும் என்னைத் தோற்கடித்தார்கள்; எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கியபோது அண்ணாச்சி டீ குடிக்கப் போகிறேன் என்று போனார். அரை மணி நேரத்துக்கு மேல் டீ குடித்தார். புது இன்ஜின் வந்த பிறகும் சனிக்கிழமைத் துணி நிற்கவில்லை. ஆனால் துணியின் மூலையில் பேனாவால் ‘ஊத்தலை’ என்று எழுதிக் கொண்டுவரத் தொடங்கினார். நான் எழுதச் சொன்னதல்ல. அந்த நாலெழுத்துக் கிறுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பும் வரும், மனசை என்னவோ செய்யவும் செய்யும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் மறுபடியும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் துணி இல்லை. மூலனூர் லோடை அங்கேயே இறக்கிவிட்டு, யாரோ ஒருவரை வண்டி ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார்.

“இந்தத் தடவை வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா. எனக்குத்தான்” என்றார். “இன்னைக்குக் காலையில தாராபுரம் ரவுண்டானால கிளட்ச்சை மிதிக்கேன், இடது முட்டி மடங்க மாட்டேங்கு. வண்டி தானா முன்னால போயிட்டு. மொபெட்டுல ஒரு பொம்பள, முருங்கைக்காயோட. ஒரு சாண் இருக்கும்போது நின்னுது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இனி நான் ஓட்டக்கூடாதும்மா.”

அன்று காலையில் நடந்தது, எங்கள் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் வந்து சொல்கிறார். இன்ஜினைப் பற்றிச் சொல்ல இரண்டு மாதம் பயந்த மனுஷன், தன் காலைப் பற்றிச் சொல்ல ஒரு வேளை சோற்றுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எங்கள் கம்பெனி இத்தனை வருஷத்தில் செய்ததில் எதற்காவது நான் பெருமைப்படுவேன் என்றால் இதற்குத்தான்.

வண்டிச் சாவியை மேசையில் வைத்தார். அந்த மாதத்தோடு ஊருக்குப் போய்விடலாம் என்று வீட்டுக்குப் போன் போட்டுப் பேசியிருப்பதாகச் சொன்னார். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் மேசையில் பண்டலைச் சரிபார்த்து ஏற்றிவிட, உள்ளதை உள்ளபடி சொல்லும் ஒரு ஆளுக்காக நாங்கள் ஆறு மாதமாக அலைவது அவருக்குத் தெரியும், தெரிந்தும் கேட்கமாட்டார். “அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வேலை. முட்டிக்குத் தொந்தரவு இருக்காது. நாளைக்கு எப்பவும்போல எட்டரைக்கு வந்துருங்க அண்ணாச்சி” என்றேன். சாவியை மட்டும் எடுத்து டிராயருக்குள் வைத்துக்கொண்டேன்.